இறைவன் பொருளுக்கு வழக்கிடுவார் யாவர்?

ஒருவன் பொருளைப் பிறன் கவர்ந்தானாயின், அதனை மீட்டுத் தருகவென மன்றம் ஏறும் உரிமை அப்பொருளுக்கு உரியானுக்கே உண்டு. தொடர்பில்லாத அயலானுக்கு இல்லை. அஃதாயின், திருக்கோயிற் பொருள் களவு போயவிடத்து வழக்கிடுதற்குரியார் யாவர்? கொடுத்தாரது உரிமை கொடுத்த பொழுதே ஒழிந்தது. பூசிப்பார் பணி செய்வாரேயன்றி உடையாரல்லர். எஞ்சி நிற்பவர் ஏற்றருளிய இறைவரே.

இக்கொள்கை தமிழகத்துக்குப் புதிதன்று. சிவாலயக் கொடுக்கல் வாங்கல்கள் முதற்றொண்டராகிய சண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தமை சோழர் கல்வெட்டுக்களால் விளங்கும். தஞ்சை இராசராசேச்சரத்தில், ஊர்ச்சபையார் ஆதிசண்டேசுவர தேவரிடம் காசு பெற்று, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பலிசை செலுத்த உடன்பட்டமை பொறிக்கப்பட்டுள்ளது. கோயில் நில விற்பனையும் சண்டேசுவரப் பெருவிலை எனப் பெயர் பெற்றது. உடையவர் சிவபெருமான், அவர் பொருட்டுக் கொள்வாரும் கொடுப்பாரும் சண்டேசுவரர் என்பது இதனாற் போதரும்.

பிற்காலத்து ஆங்கிலேயர் மன்றங்களும் இதனை ஒருவாறு தழுவின. 1925-இல் இலண்டன் பிரிவி கௌன்சில், கல்கத்தாக் குடும்பத்தார் வழிபடு தெய்வம் ஒன்றைப் பற்றிய வழக்கில், பிரதிட்டை செய்யப்பெற்ற திருவுரு வழக்கிடவும் வழக்கிடப்படவும் தக்க சட்டத் தன்மையுடையது எனத் துணிந்தது. தன்னலமில்லாத ஒருவர் வாயிலாக அத்தெய்வத்தின் கருத்தும் மன்றத்தில் கேட்கப்படல் வேண்டும் எனவும் பணித்தது.

இத்துணிபின் பயன் பத்தூர் நடராசப் பெருமான் வழக்கில் வெளிப்பட்டது. அக்காலத் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த சிவாலயத்தின் அருகே 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட அத்திருமேனி, பல கைமாறி இலண்டன் சேர்ந்தது. 1982-இல் அதனை விலைக்குக் கொண்ட கனடா நாட்டு வணிகக் குழு, கைப்பற்றிய காவலர்மீது வழக்கிட்டது. இந்திய அரசு, தமிழ்நாட்டு அரசு என்பவற்றோடு, பத்தூர்த் திருக்கோயிலும் காப்பாளர் வாயிலாக வழக்கிற் புகுந்தது. கோயிலை ஆளாக எண்ணுதல் ஆங்கிலச் சட்டத்தில் இல்லை. எனினும், இந்தியச் சட்டம் வழங்கிய ஆட்டன்மையை நாடுகளிடை நிலவும் நன்மதிப்புக் கருதி ஏற்கலாம் என 1991-இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்து, கோயிலின் உரிமையை நிலைநாட்டியது. பூசை ஒழிந்து கட்டடம் சிதைந்தபின்னும் உரிமை அழிந்திலது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டே பெருமான் தாயகம் மீண்டருளினார்.

அற்றேல், எல்லாம் உடைய முதல்வனுக்கு ஒரு படிமத்தை மீட்க வழக்கு வேண்டுமோவெனின், வேண்டா. அவன் குறைவிலா நிறைவினன். திருமேனி உயிர்கள் வழிபட்டு உய்தற்கு அமைந்ததாகலின், அதனை இழந்தார்க்கே குறை. வழக்கும் அவர்பொருட்டே என்க. தெய்வத்தை இளஞ்சிறாரோடு ஒப்பிட்டு நீதிமன்றங்கள் பேசுதலும், மன்றத்தில் அதன்பொருட்டு வேறொருவர் நிற்றல் வேண்டும் என்னும் அளவிற்றே. இறைவன்பால் அறியாமை கற்பித்தலன்று.

இனி, காவலரே பொருளைக் கவரின் யார் வழக்கிடுவார்? அந்நிலையில் வழிபடும் அடியாரும் தெய்வத்தின் பொருட்டு மன்றம் ஏறலாம் என 1967-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஆகவே, சண்டேசுவரர் பெயரால் முன்னோர் போற்றிய காவற்கடன், அதிகாரிகளோடு அமையாது அடியார் ஒவ்வொருவரையும் சார்வதாயிற்று. அவர் சந்நிதியில் கைகளை விரித்துக் காட்டுவார், சிவன் பொருளைத் தாம் கொண்டிலர் என்பதோடு, பிறர் கொள்ளவும் வாளாவிருந்திலர் என்று காட்டவல்லராதல் வேண்டும்.