மதுமேகமும் மலைத்தேனும்

பொன்முடிக்கு ஏறும் சாலையில் விதுராவைக் கடந்து சென்றால் கல்லாறு வரும். உருண்ட கற்களினூடே தெளிந்த நீர் ஓடும் இம்மலைப்புறம் காணிக்கார மக்களின் உறைவிடமாகும். தேனெடுத்தலும் மூலிகையறிவும் அவர்தம் பழஞ்செல்வங்கள். கல்லாற்றுக் காட்டிலே மருத்துவத் தொண்டாற்றிய இலட்சுமிக்குட்டி அம்மையாருக்கு 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தமை அவ்வறிவுக்குக் கிடைத்த பெருமையாகும்.

நம் காலனிக் குடும்பத்தார் பொன்முடி சென்று திரும்புகையில் மலைத்தேன் வாங்கி வருவர். “நீரிழிவுக்காரர் சர்க்கரையை விடுத்துத் தேன் அருந்தலாம், நோயும் தணியும்” என்று கூறுவாரும் நம்மிடையே உளர். இக்கூற்றின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மது என்பதும் தேன் என்பதும் ஒன்றே. இந்நோய்க்கு மதுமேகம் என்று பெயர் வந்ததே சிறுநீர் தேன்போல் இனிப்பதனால்தான். அதனை எறும்பு மொய்ப்பதைச் சரகர் நோய்க்குறியாகவே எழுதிவைத்தார். மேனாட்டில் மாத்யூ டாப்சன் என்னும் மருத்துவர் அவ்வினிப்பு சர்க்கரையே என்று மெய்ப்பித்தது 1776-ஆம் ஆண்டில்தான்.

வியப்பு யாதெனில், அப்பழைய நூல்களே இந்நோய்க்குத் தேனையும் மருந்திற் சேர்த்தன. நெல்லிச்சாறும் மஞ்சளும் தேனிற் குழைத்து உண்ணுமாறு விதித்தன. ஆனால் அங்கே தேன் மருந்துக்குத் துணை, உணவன்று. அன்றியும், பொருளற்ற நோயாளி செருப்பும் குடையுமின்றி நூறு யோசனை நடக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும் என்றும் சுசுருதர் விதித்தார். நாற்காலியில் அமர்ந்தே பொழுது கழிக்கும் நாம், கிணற்றை மறந்து தேனை மட்டும் நினைவிற் கொண்டோம்!

அக்காலத்தில் தேன் அரும்பொருள். 1920-களில் மார்த்தாண்டத்தில் வை.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தார் பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைப் பரப்பினர். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகவே, ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிய நீரே தேனீக்களுக்குப் பெருவிருந்தாயிற்று. துளியாய்க் கிடைத்த தேன் புட்டிபுட்டியாய் வந்தது. மருந்தின் அளவு மறைந்தது.

தேனில் 100-க்கு 80 பங்கு சர்க்கரையே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் உண்டு. மலைத்தேனாயினும் பெட்டித்தேனாயினும் அது குருதியிற் சர்க்கரையை ஏற்றவே செய்யும். தேன்கூட்டுப் பிசின் குருதிச் சர்க்கரையை ஓரளவு குறைப்பதாகச் சில சிற்றாய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அது மருந்துக்கு ஈடாகாது. நோயாளியின் காற்புண்ணுக்குத் தூய்மை செய்யப்பட்ட மருத்துவத் தேனை மருத்துவர் இடுவதுண்டு. வீட்டுப் புட்டித்தேனை இடுதல் தீங்காய் முடியலாம்.

1922-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட சிறாருக்குச் சாவே முடிவாயிருந்தது. தேனை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவோர் அக்காலத்திற்கே திரும்புகின்றனர்.

ஆகவே அன்பர்களே, கல்லாற்றுத் தேனைச் சுவைக்காகப் போற்றுவோம். நீரிழிவுடையோர் மருத்துவரைக் கேட்டு, உணவுக் கணக்கிற் சேர்த்து அளவோடு கொள்க. மருந்தை நிறுத்தற்க, நடத்தலை மறவற்க. முன்னோர் மொழியைப் போற்றுதல் என்பது அதனை முழுதும் கற்று நடத்தலேயாம்.