வன்தட்டிற் சிதறலும் சீரமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்துள்ள ஊர் வத்தேகம. அவ்வூரையும் அதன் அயலையும் உள்ளிட்ட கண்டிச் சீமையிலே வயல் நிலங்கள் பற்றிய பழைய வழக்கு ஒன்றுண்டு. ஒரு வயல் பலருக்கு உரிமையாகும்போது, அதனை வரம்பிட்டுக் கூறுபோடாது, உரிமையாளர் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராக முழு வயலையும் பயிரிடுவர். இதனைச் சிங்களத்தில் ‘தட்டுமாறு’ என்பர். இங்கு பகுக்கப்படுவது காலமேயன்றி நிலமன்று. துண்டுபட்ட நிலத்தில் உழவனின் உழைப்பில் ஒரு பகுதி நடையிலேயே கழியும். இடத்தைத் துண்டுபடாது காப்பது எங்ஙனம் என்னும் இவ்வினா, இருபதாம் நூற்றாண்டிற் கணினியின் வன்தட்டிலும் எழுந்தது.

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ‘ராமாக்’ என்னும் கணினியை வெளியிட்டனர். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ரேனல்ட் ஜோன்சன் என்பார் தலைமையில் உருவான அதன் தட்டுத்தொகுதி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டது. கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகளே. காந்த நாடாவில் ஒரு செய்தியை அடைவதற்கு அதற்கு முன்னுள்ள பகுதியை உருட்டிக் கடத்தல் வேண்டும். தட்டிலோ, படிக்கும் முனை வேண்டிய இடத்திற்கு நேரே செல்லும். இவ்வசதியே பின்னர்ச் சிதறலுக்கும் வழிகோலிற்று.

சிதறல் நிகழும் வகை எளிதில் விளங்கத்தக்கது. பழைய கோப்புகள் அழிக்கப்படும்போது இடையிடையே வெற்றிடங்கள் தோன்றுகின்றன. புதிய கோப்பு அவ்வெற்றிடம் ஒன்றினுள் அடங்காதாயின், பல துண்டுகளாகப் பிரிந்து பல இடங்களிற் பதிகின்றது. அதனைப் படிக்குங்கால் முனை துண்டுக்குத் துண்டு தாவுகின்றது. ஒவ்வொரு தாவலும் ஒரு வினாடியின் ஆயிரத்திற் சில கூறுகளையே கொள்ளுமாயினும், அவை ஆயிரக்கணக்கிற் சேருங்கால் கணினி தளர்கின்றது.

இக்குறையை நீக்க இருவழிகள் முயலப்பட்டன. முதலாவது, சிதற விடாமை. டிஜிற்றல் நிறுவனத்தாரின் பி.டி.பி.-11 கணினிகளுக்குரிய ஆர்.டி.-11 என்னும் இயக்கமுறையில் ஒவ்வொரு கோப்பும் இடையறாத ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது விதி. தட்டுமாறு வழக்கைப் போலவே இதுவும் துண்டாடலை மறுத்தது. ஆயின் மொத்த இடம் போதியதாயிருந்தும், அது சிறுசிறு வெற்றிடங்களாய்க் கிடப்பின் புதிய கோப்பிற்கு இடமில்லாது போகும். அப்போது ‘ஸ்குவீஸ்’ என்னும் கட்டளையால் கோப்புகளை நெருக்கி அடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, சிதற விட்டுப் பின்னர் ஆவன செய்தல். யூனிக்ஸ் இயக்கமுறையின் பழைய கோப்பமைப்பு இதற்குச் சான்று. புதிதாய் அமைத்தபோது வினாடிக்கு 175 கிலோபைற் வேகத்திற் படித்த அமைப்பு, சில வாரப் பயன்பாட்டின்பின் 30 கிலோபைற்றாகக் குன்றியமையை மக்கூசிக் முதலிய பேர்க்லி அறிஞர் நால்வர் 1984இல் எழுதினர். தட்டை வட்டாரங்களாகப் பகுத்து, ஒரு கோப்பின் பகுதிகளை அண்மையில் வைத்து, பத்திலொரு பங்கை வெறுமையாய் விடுதலே அவர்கள் கண்ட தீர்வு. வெற்றிடம் போதிய அளவு இருப்பின் ஒழுங்கு தானே நிலைபெறும் என்பது அதன் உட்கருத்து.

தனியாள் கணினிகளுக்கோ இத்தகைய முன்னேற்பாடு வாய்க்கவில்லை. 1983இல் 10 மெகாபைற் வன்தட்டுடன் ஐ.பி.எம். எக்ஸ்.ரி. வெளிவந்தது. அதன் கோப்பமைப்பு சிதறலைத் தடுக்க வல்லதன்று. ஆகவே துண்டுகளைத் திரட்டி அடுக்கும் தனிச்செயலிகள் பெருகின. 1993இல் வெளியான எம்.எஸ்.-டொஸ் 6இல் ‘டிஃப்ராக்’ என்னும் கட்டளையே இடம்பெற்றது. வண்ணச் சதுரங்கள் ஒவ்வொன்றாய் வரிசைப்படுவதைத் திரையிற் பார்த்திருந்தோர் பலர். ஆயினும் பணிநடுவே மின்சாரம் தடைப்படின் கோப்புகள் கெடக்கூடும். எனவே முன்னரே படியெடுத்து வைத்தல் கடமையாயிற்று.

காலம் மீண்டும் மாறிற்று. சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்கள் பரவின. தாவுதற்கு முனை இல்லையாதலின், துண்டுகள் எங்கிருப்பினும் படிக்கும் வேகத்தில் வேறுபாடு மிகச் சிறிதே. மாறாக, அவற்றின் நினைவுக் கலங்கள் ஓர் அளவுக்குமேல் அழித்தெழுதுதலைத் தாங்கா. வீணே அடுக்குதல் அவற்றைத் தேய்க்கும். 2009இல் வெளியான விண்டோஸ் 7, இத்தகைய சேமிப்பகத்தை அறிந்தவிடத்துத் தானியங்கும் சீரமைப்பைத் தவிர்த்தது.

பள்ளிகளிலும் இல்லங்களிலும் இருவகைக் கணினிகளும் இன்று அருகருகே இயங்குகின்றன. சுழலும் தட்டிற்கு மருந்தாவது திண்மநிலைச் சேமிப்பகத்திற்குத் தீங்காகும். சீரமைக்க முற்படுவோர் முதலில் ஆராயவேண்டுவது, தம் கருவியில் நடக்கவேண்டிய உழவன் உளனோ என்பதே. ஒழுங்கு என்பது தன்பொருட்டே போற்றத்தக்கதன்று; அது குறைக்கும் உழைப்பின் அளவே அதன் மதிப்பு என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.