ஹாக்லிடே

ஹாக்லிடே என்பது, இராக்காலத்தில் சுவர் இடுக்கிலும் தோட்டத்துப் புல்லிடையிலும் இருந்து ஓயாது ஒலிக்கும் சுவர்க்கோழிக்கும், நீண்ட உணர்கொம்புடைய பச்சை வெட்டுக்கிளிக்கும் உறவுடையதாய், டிரையாசிக் காலத்திலிருந்து கிரிட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதி வரையில் பூவுலகில் வாழ்ந்து பின்னர் அற்றுப்போன பூச்சிக் குடும்பமாகும். ஹாக்லா என்னும் பேரினத்தின் அடியாகப் பிறந்த இப்பெயரை 1906இல் ஆஸ்திரிய நிபுணர் ஆன்டன் ஹான்ட்லிர்ஷ் இட்டார். கிர்கிஸ்தானத்து மாடிகன் என்னுமிடத்து டிரையாசிக் பாறைகளில் கிடைத்த சிறகுகள், இவ்வம்சத்தின் பூர்வீகத்தை அறியப் பெரிதும் உதவுகின்றன.

அமைப்பு: இக்குடும்பத்து ஆண் பூச்சிகளின் முன்சிறகு அகன்றது; அதன் நரம்பொன்றில் அரம்போல நுண்ணிய பற்கள் வரிசையாய் அமைந்திருக்க, மற்றொரு சிறகின் விளிம்பு அவற்றின்மீது உராயும்போது, நரம்புகளிடையே விரிந்த மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலியைப் பெருக்கிற்று. இக்காலத்துச் சுவர்க்கோழி வலச் சிறகை மேலாகவும், பச்சை வெட்டுக்கிளி இடச் சிறகை மேலாகவும் வைத்து இசைப்பது வழக்கமாயிருக்க, இத்தொல்பூச்சிகளின் இரு சிறகுகளும் ஏறக்குறைய ஒத்த வடிவினவாய், இரண்டிலும் பல்வரிசை அமையப் பெற்றிருந்தன.

ஒலி: நாதம் கல்லில் பதிவதில்லை, ஆயினும் நாதத்தை எழுப்பிய கருவி பதிந்திருப்பின், அதன் சுருதியைக் கணித்துவிடலாம். உள்மங்கோலியாவில் சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜுராசிக் படிவத்தில் அகப்பட்ட ஆர்க்கபாயிலஸ் மியூசிகஸ் என்னும் இனத்தை இக்குடும்பத்தில் வைத்து, அதன் பற்களின் இடைவெளியையும் சிறகின் அளவையும் நுணுகி ஆராய்ந்த அறிஞர்கள், அப்பூச்சி வினாடிக்கு 6,400 அதிர்வுடைய ஒரே சுருதியில், கலப்பற்ற சுத்த நாதமாக ஒலித்திருக்க வேண்டுமென 2012இல் வெளியிட்டனர். பியானோவின் உச்சச் சுரத்திற்கு 4,186 அதிர்வே உண்டென்பதை நினைத்தால் இதன் உயர்ச்சி விளங்கும். ஊசியிலை மரங்களும் பெரணிகளும் நிறைந்த அன்றைய வனத்தின் இருளில், தரைக்கருகில் நின்று தூரத்திலுள்ள பெண்ணை அழைக்க இத்தகைய குரலே ஏற்றதாயிருந்திருக்கும்.

இந்தியத் தொடர்பு: இவ்வம்சத்தின் மிக நெருங்கிய உறவான புரோஃபாலங்காப்சிடே குடும்பத்தில் மட்டும், வட அமெரிக்க மலைகளிலும் ரஷ்யாவின் கீழ்க்கோடியிலும் சீனத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அக்குடும்பத்தில் நம் நாட்டுக்குரியதாகக் கருதப்படுவது புரோஃபாலங்காப்சிஸ் ஆப்ஸ்க்யூரா. 1869இல் பிரான்சிஸ் வாக்கர் என்பார் விவரித்த ஓர் ஆண் மாதிரி, இந்துஸ்தானத்தது என்ற குறிப்பைத் தவிர ஊரோ மலையோ சுட்டப்படாமல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வந்தது. ஒன்றரை நூற்றாண்டு உலர்ந்து கிடந்த அதன் சிறகுகளை லேசர் கருவிகொண்டு சோதித்து, வினாடிக்கு 4,700 அதிர்வுடையது அதன் குரல் என்று 2022இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

சென்னைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளிலும், ஹாக்லிடே வாழ்ந்த யுகத்தின் பிற்பகுதியைச் சார்ந்த பெரணிகளின், சைக்கஸை ஒத்த தாவரங்களின் பதிவுகள் உள்ளன; ஆதலின் அன்றைய வனத்தின் சாயலை அறிய நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை ஓய்ந்த இரவில், அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோப்பிலோ, கிண்டிக் காட்டின் ஓரத்திலோ, மயிலாப்பூரின் பழைய வீட்டுக் கொல்லையிலோ செவி சாய்ப்போர் கேட்கும் சுவர்க்கோழியின் குரலும் சிறகோடு சிறகு உரசிப் பிறப்பதே. சுருதி சேர்த்துக் கேட்கும் பயிற்சியுள்ள நம் காதுக்கு அதன் ஒற்றைச் சுரம் எளிதில் பிடிபடும்.

ஊர்ப்பெயரும் அறியப்படாத ஒரு காய்ந்த பூச்சி, தன்னைப் பிடித்தவரும் விவரித்தவரும் மறைந்த பின்னரும் அழியாதிருந்தமையாலன்றோ மீண்டும் குரல் பெற்றது. அவ்வாறிருக்க, 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகம் போன்ற களஞ்சியங்களில் உள்ள ஒவ்வொரு மாதிரியையும், இடமும் நாளும் பிழையறக் குறித்துப் பேணுதல், இனிவரும் தலைமுறையின் செவிக்கு நாம் செய்யும் சேவையாகும்.