பழைய தையல் யந்திரமும் முரட்டுத் துணியும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டி காலத்துத் தையல் யந்திரம் ஒன்று மூலையில் இருப்பதுண்டு. வீடு மாற்றும்போதெல்லாம் அதன் கனம் நமக்குச் சுமையாகத் தோன்றுகிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்ற எண்ணமும் எழுகிறது. ஆயினும் ரஜாய் உறை, கித்தான் பை, ஜீன்ஸ் முதலியவற்றைத் தைக்கும்போது அந்தக் கனமே நமக்குத் துணையாகிறது. காரணத்தை அறிய அதன் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம்.

தையல் யந்திரம் முதலில் உழைத்தது முரட்டுத் துணியில்தான். பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே 1830இல் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் அது படைவீரரின் சீருடைகளைத் தைத்தது. பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து யந்திரங்களை உடைத்தெறிந்தனர். பின்னர் 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ், நுனியில் கண்ணுள்ள ஊசியாலும் ஓடத்தாலும் மேல்நூலையும் கீழ்நூலையும் பிணைக்கும் தையலுக்கு உரிமை பெற்றார். 1851இல் உரிமை பெற்ற ஐசக் சிங்கரின் முதல் யந்திரங்களும் பட்டறைகளுக்கென்றே அமைந்தவை. 1856இல் தவணை முறை வந்த பிறகே அவை இல்லங்களை எட்டலாயின.

யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகள் இதற்கு விலக்களித்தார். 1924இல் தம்மிடம் உரையாடிய ஜி. ராமச்சந்திரனிடம் அவர் சிங்கர் யந்திரத்தைப் பாராட்டினார். அதைச் செய்யவே பெரிய ஆலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் வினவியபோது, அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாகவோ ஆட்சியிலோ இருக்கட்டும் என்றார். அந்த ராமச்சந்திரனே பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

1930களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் 'உஷா' யந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. நாடெங்கும் பரவிய அதன் கருநிற யந்திரம், சிங்கரின் 15ஆம் வகை அமைப்பைத் தழுவியது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையிலிருந்த அந்த ஆலை மறைந்துவிட்டது. அவ்விடத்தில் 2008 முதல் சவுத் சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. யந்திரங்களோ இன்னும் உழைக்கின்றன.

இந்த உறுதிக்குக் காரணம் யாது? உடல் வார்ப்பிரும்பு, அசையும் உறுப்புகள் எஃகு. கனத்த சக்கரம் ஒருமுறை சுழன்றால் அந்த வேகமே ஊசியைத் தடித்த மடிப்பினூடே செலுத்திவிடும். சிறு மோட்டார் திணறும் இடத்தில், கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கலாம்.

எனினும் இது இல்லத்து யந்திரமே. கூடாரமும் சேணமும் தைக்கும் ஆலை யந்திரமன்று. அழுத்துபாதம் உயரும் அளவே துணி அடுக்கின் எல்லை. ஜீன்ஸுக்கு 16ஆம் எண் ஊசியும், கித்தானுக்கு 18ஆம் எண் ஊசியும் பொருந்தும். மெல்லிய ஊசி வளைந்து ஒடியும். ஊசிக்கண்ணில் தாராளமாக ஓடாத தடித்த நூல் அறும். தையலின் நீளத்தைக் கூட்டி, மடிப்புகளை முன்பே தட்டித் தணித்து, துணியை இழுக்காமல் பற்களே நகர்த்துமாறு விடவேண்டும். எண்ணெயும் தவறாமல் இட்டுவரவேண்டும்.

அளவறிந்து வேலை வாங்கினால், சுமையென்று நாம் கருதிய பாட்டியின் யந்திரம் பேத்தியின் ரஜாய்க்கும் உறை தைக்கும். அதை இரும்பு விலைக்குக் கொடுப்பதற்கு முன், ஒருமுறை எண்ணெயிட்டுச் சுற்றிப் பார்ப்போமாக.