கரை சேர்த்தவர்கள்

வடசென்னையில் இராயபுரம் என்றொரு பகுதி உண்டு. நாள்தோறும் அவ்வழியே சென்று வருவோரில் பலர், அந்த ஊர்ப்பெயருக்குள் ஒரு திருத்தூதர் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்து வந்தனர். அந்த இராயப்பரின் பெயரால் ஊர் இராயபுரம் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் பெயர்க்காரணம். அங்கே 1829-இல் எழுந்த புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள், சென்னைக் கடற்கரையில் படகு வலித்துப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பத்தார். தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து அவர்கள் அதைக் கட்டினார்கள்.

அவர்கள் செய்த தொழில் இன்று இல்லை. அது என்ன தொழில் என்பதை அறிந்தோரும் அருகிவிட்டனர். ஆனால் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம், கடல் வழியாகச் சென்னைக்கு வந்த ஒவ்வொருவரும், ஆளுநராயினும் அடிமட்டச் சிப்பாயாயினும், மறைப்பணியாளராயினும் வணிகராயினும், இவர்களுடைய கைகளில் தம் உயிரை ஒப்படைத்த பின்னரே இந்த மண்ணில் கால் வைத்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் சென்னையில் இடம் பெற்றபோது, அது துறைமுகத்திற்கு ஏற்ற இடமாக இருக்கவில்லை. கப்பலை அணைத்துக் காக்கும் வளைகுடா இல்லை; ஆழமான ஆற்றுமுகமும் இல்லை. திறந்த கடல், நேரான மணற்கரை, அதன்மேல் ஓயாமல் உடைந்து புரளும் அலை. கப்பல்கள் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையில் வரிசை வரிசையாக அலைகள் எழுந்து மடிந்தன. பல்லாயிரம் கல் தொலைவு கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கும், அந்தக் கடைசி மைல் கடக்க முடியாததாக இருந்தது. கப்பலோடு வந்த படகுகள் இரும்பாணி அடித்து இறுக்கமாகக் கட்டப்பட்டவை. அவற்றை அலை தூக்கி மணலில் அறைந்தால் பலகைகள் பிளந்தன. அந்தக் கரையின் அலையை அவர்கள் அறியவில்லை. அதை அறிந்தவர்கள் கரையில் இருந்தனர்.

கரைக்காரர்களின் படகுக்கு மசூலா என்று பெயர். அதன் அமைப்பே ஓர் அறிவு. சுமார் 30 முதல் 35 அடி நீளமும், 10 அடி அகலமும், 7 அடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட அந்தப் படகில் ஓர் இரும்பாணி கிடையாது. உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. பலகையோடு பலகையைச் சேர்த்து, இடையில் வைக்கோல் புரியை வைத்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். அலை மோதும்போது அது எதிர்த்து நிற்காது, வளைந்து கொடுக்கும். மணலில் விழுந்தாலும் நெகிழ்ந்து, அதிர்ச்சியைத் தன் தையல்களுக்குள் வாங்கிக் கொள்ளும். தையல்வழியே தண்ணீர் கசியும் என்பதால், இறைத்து ஊற்றுவதற்கென்றே படகில் ஆள் உண்டு. மூங்கிற் கழியின் முனையில் பலகைத் துண்டைக் கட்டினால் அதுதான் துடுப்பு. பன்னிரண்டு பேர் வரை வலிக்க, படகின் தலைவனாகிய தண்டல் பின்புறம் நின்று நெடுந்துடுப்பால் திசை திருப்புவான்.

படகை விடத் தண்டலின் கண்ணே பெரிது. அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. பெரியவை சில தொடர்ந்து வந்தபின் சிறிது நேரம் கடல் தணியும். அந்தத் தணிவுக்காகத் தண்டல் காத்திருப்பான். பயணிகள் பொறுமை இழந்து முணுமுணுப்பார்கள். அவன் பின்னால் எழும் நீரையே பார்த்துக் கொண்டிருப்பான். நேரம் வந்ததும் ஒரு குரல். துடுப்புகள் எல்லாம் ஒருசேர விழும்; பாட்டு உரக்கும். அலையின் முதுகில் ஏறி, அது உடையும் முன் கரையைத் தொட வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். இங்கிலாந்துக் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான பாசில் ஹால், 1830-களில் வெளியிட்ட தம் பயண நூலில் சென்னையின் அலைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கடலையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இன்னொரு கடல்மகனின் திறமையைக் கண்டு வியந்து எழுதியது அது.

மசூலாவும் இறங்க முடியாத நாள்கள் உண்டு. அலை மிக உயர்ந்தால் கரையிலிருந்த அலுவலகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றப்படும். கப்பலில் உள்ளோர் இறங்கலாகாது என்பது அதன் பொருள். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, கோட்டையின் கொடிமரமே இறக்கி வைக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கே கப்பல் நிற்பது ஆபத்து என்பதற்கு அதுவே அறிவிப்பு. 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள் அந்தப் பருவப் புயலிலேயே சிதைந்தன.

இத்தகைய நாள்களிலும் கடலில் இறங்கியது ஒன்று உண்டு. அது கட்டுமரம். மூன்று நான்கு மரங்களைச் சேர்த்துக் கட்டியதன்மேல் இரண்டு பேர் மண்டியிட்டுத் துடுப்பு வலித்துச் செல்வார்கள். அலை அவர்களை முழுதாக மூடும். பார்ப்போர் மூச்சடைத்து நிற்பார்கள். அலைக்கு அப்பால் இரண்டு தலைகள் மீண்டும் தெரியும். மரம் கைநழுவினால் நீந்திச் சென்று பிடித்து மறுபடி ஏறிக் கொள்வார்கள். கரையிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து கரைக்கும் கடிதங்களைக் கொண்டு சென்றவர்கள் இவர்களே. ஓலையால் நெருக்கமாக முடைந்த கூம்புக் குல்லாய்க்குள் கடிதம் நனையாமல் இருக்கும். பல மாதங்கள் கடந்து வந்த ஒரு தாயின் மடல், கடைசியில் எழுத்தறியாத ஒரு மீனவரின் தலைமேல் ஏறித்தான் மகனின் கைக்கு வந்தது.

அலை கடுமையான நாள்களில் பயணிகளின் படகோடு கட்டுமரங்களும் துணையாகச் சென்றன. படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவரை அள்ளி எடுப்பது அவர்கள் பொறுப்பு. அவ்வாறு உயிர் காத்தவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன என்பதை அக்கால ஆங்கில நூல்கள் குறிப்பிடுகின்றன. இடுப்பில் ஒரு துண்டுத் துணியும், கழுத்தில் அரசின் பதக்கமும் அணிந்து நின்ற அந்த மனிதரை நாம் கற்பனையில் காண முயல வேண்டும். கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் அவர்கள் வழியாகவே ஆங்கிலத்தில் ஏறி, இன்று உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட பாய்க்கப்பல்களுக்குப் பெயராகிவிட்டது. வந்தவர்கள் மரத்தின் பெயரைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஆனால் மரத்தின்மேல் இருந்தவரின் பெயரை ஏனோ யாரும் கேட்டு எழுதவில்லை.

எழுதியவை வேறு. சென்னையில் இறங்கிய பயணிகள் பலர் தம் நூல்களில் படகோட்டிகளைப் பற்றிக் குறை கூறியுள்ளனர். நடுவழியில் படகை நிறுத்தி அதிகக் கூலி கேட்டார்கள், கூச்சலிட்டார்கள், பெட்டியிலிருந்து பொருள் எடுத்தார்கள் என்பன அந்தக் குறைகள். இவற்றில் உண்மையே இல்லை என்று நாம் வாதாட வேண்டியதில்லை. வறுமையில் வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். புனிதர்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் வழக்கின் மறுபக்கமும் கேட்கப்பட வேண்டும் அல்லவா? கூலியை நிர்ணயித்தது அரசு. அழைத்தபோது வரத் தவறினால் தண்டனை உண்டு. பொருள் நனைந்தாலும் தொலைந்தாலும் முதல் ஐயம் அவர்கள்மேல். படகு கவிழ்ந்தால் பயணியோடு அவர்களும் நீரில்தான். அவர்கள் தரப்பை எழுதி வைக்க ஒரு நூலும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கூலி வாங்கிக் கொண்டு செய்தது உதவியாகுமா? பணத்திற்காகச் செய்த வேலையை அன்பு என்று கொண்டாடலாமா? நம்மில் பலருக்கு இந்த ஐயம் உள்ளூர உண்டு. கைம்மாறு கருதாத செயலே அறம் என்று கற்று வளர்ந்த நாம், கூலிக்காரரின் உழைப்பில் அருளைக் காணத் தயங்குகிறோம்.

நல்ல சமாரியர் உவமையை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். காயமுற்றவரைச் சுமந்து சென்ற சமாரியர், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கவனித்துக் கொள்ளுமாறு சொல்லிச் செல்கிறார். சாவடிக்காரர் பணத்தைப் பெற்றுக் கொள்கிறார். இயேசு அவரைக் குறை கூறவில்லை. சமாரியர் புறப்பட்ட பின், இரவில் விழித்திருந்து தண்ணீர் கொடுத்தவர் அந்தச் சாவடிக்காரராகத்தானே இருக்க வேண்டும்? இரக்கத்தின் கதைக்குள் கூலி பெற்றவருக்கும் இடம் உண்டு. கூலி நேரத்திற்கு உரியது, உழைப்புக்கு உரியது. தன் உயிரை வைத்துப் பிறர் உயிரை மீட்பதற்கு எந்த அட்டவணையிலும் விலை இல்லை. கவிழ்ந்த படகிலிருந்து தூக்கி எறியப்பட்டவரை நோக்கிக் கட்டுமரக்காரர் பாய்ந்த அந்தக் கணத்தில், அவர் பேரம் பேசிக் கொண்டிருக்கவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் இறுதிப் பகுதியும் நினைவுக்கு வருகிறது. பவுலடியார் சென்ற கப்பல் மால்டா தீவின் அருகே உடைந்தது. கப்பலில் இருந்த 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர். மழையும் குளிருமாயிருந்த அவ்வேளையில் தீவின் மக்கள் தீ மூட்டி அவர்களை வரவேற்றனர். தீவின் தலைவர் புப்பிலியுவின் பெயரை லூக்கா எழுதி வைத்தார். விறகு சுமந்து வந்து தீ மூட்டியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் காட்டிய பரிவை அவர் மறவாமல் பதிவு செய்தார். சென்னையில் இறங்கியவர்களுக்குள் அப்படி ஒரு லூக்கா அரிதாகவே இருந்தார்.

ஏடுகள் மறந்ததை இராயபுரம் மறக்கவில்லை. அந்தப் படகோட்டிகள் தம் வரலாற்றைக் கல்லில் எழுதினார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கிடைத்த சிறு காசுகள் சேர்ந்து சுவராயின, கோபுரமாயின. அதற்கு அவர்கள் தேர்ந்து கொண்ட பாதுகாவலரையும் கவனிக்க வேண்டும். இராயப்பரும் படகுக்காரர். வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்டபோது, மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி உதவிக்கு அழைத்தவர். அலைமேல் நடந்து, அச்சமுற்று, மூழ்கத் தொடங்கி, ஒரு கையால் தூக்கி எடுக்கப்பட்டவர். நீரில் மூழ்குவோரை அன்றாடம் தூக்கி எடுத்தவர்களுக்கு அவரை விட நெருங்கிய புனிதர் யார்?

காலம் மாறியது. 1860-களின் தொடக்கத்தில் அலைக்கு அப்பால் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் அமைக்கப்பட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் புதிய துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிறைவுறும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. தைத்த படகு வளைந்து கொடுத்துத் தாங்கிய கடலை, பெருங்கற்கள் எதிர்த்து நின்று தாங்க முடியவில்லை. ஆயினும் பணி மீண்டும் தொடங்கியது. 1904-க்குப் பின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் பொறுப்பில் துறைமுகத்தின் வாயில் வடகிழக்கே மாற்றி அமைக்கப்பட்டு, கப்பல்கள் மேடையிலேயே அணையத் தொடங்கின. பயணிகள் படிகளில் இறங்கி நடந்தார்கள். தண்டலின் கண்ணுக்கும் குரலுக்கும் தேவை இல்லாமற் போயிற்று. அவர் மக்கள் வேறு வேலை தேடினர். கடற்கரையில் எஞ்சிய மசூலாக்கள் கரைவலை இழுக்கப் பயன்பட்டன.

தொழில் மறைந்தது, கடல்மக்களின் அந்த மனம் மறையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோரப் பங்குகளிலிருந்து மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக் கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். தெருக்களில் ஓடிய வெள்ளத்தில் பல்லாயிரம் பேரை மீட்டனர். அரசு அறிவித்த நாட்கூலியை அவர்களுள் சிலர் வேண்டாம் என்றனர். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் குமரிக் கடற்கரையிலும் திருவனந்தபுரக் கடற்கரையிலும் எத்தனையோ குடும்பங்களை அநாதையாக்கியிருந்தது. நடுக்கடலில் தத்தளித்த தம்மவரைத் தேடி விரைந்து வருவார் இல்லையே என்று அந்தக் கரைகள் கதறின. அந்தக் கண்ணீர் காயும் முன்னரே, பிறருடைய கூரைகளுக்கு அடியில் அவர்களுடைய படகுகள் வந்து நின்றன.

ஆகவே இது பழம்பெருமை பேசும் செய்தி அன்று. கரையில் நிற்கும் நாம் கடலில் இருப்போருக்கு ஒரு கடன்பட்டிருக்கிறோம். துன்பம் வந்தபோது அவர்களை அழைப்பதும், துன்பம் நீங்கியபின் அவர்களுடைய பேச்சையும் உடையையும் பேரத்தையும் குறை கூறுவதும், அன்றைய பயணிகளோடு முடிந்த வழக்கம் அன்று. மீன் வாங்கும் இடத்தில், பங்குப் பேரவையில், பள்ளிச் சேர்க்கையில் அது இன்றும் தலைகாட்டுகிறது. அடுத்த முறை இராயபுரம் வழியே செல்லும்போது, ஆலயத்தின் முன் சற்றே நிற்போம். அதன் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் அலையைக் கடந்த ஒரு நடை இருக்கிறது. அந்த நடையில் கரை சேர்ந்தவர் எழுதாமல் விட்ட பெயரை, கடலையும் காற்றையும் அடக்கிய ஆண்டவர் அறிவார்.