ஸ்கைசோபில்லம் கம்யூனே காளானின் ஹெர்பேரியப் பதிவுகள்

ஸ்கைசோபில்லம் கம்யூனே பட்டுப்போன கிளைகளிலும் வெட்டிப் போட்ட மரத்திலும் வளரும் சிறு காளான். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுகிறது. பெரும்பாலும் 1 முதல் 4 செ.மீ. அகலமுள்ள விசிறி வடிவில், காம்பின்றி மரத்தோடு ஒட்டியிருக்கும். மேற்புறம் வெளிர்சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்தது. அடிப்புறச் செவுள்கள் ஒவ்வொன்றும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தவை. காயும்போது அந்த இரு பாதிகளும் எதிரெதிராகச் சுருண்டு, வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் மீண்டும் விரிகின்றன. உலர்ந்த மாதிரியிலும் இந்தச் சுருள் அப்படியே நிற்கும். சதைப்பற்றுள்ள காளான்கள் காய்ந்ததும் உருக்குலைந்துபோக, இதைப் பழைய காகித உறைக்குள்ளிருந்து எடுத்தாலும் கைலென்ஸ் கொண்டே அடையாளம் காண முடியும்.

ஹெர்பேரியம் என்னும் உலர்மாதிரி இருப்புக்காகச் சேகரிப்பவர் காளானைப் பட்டையோடும் சிறிது மரத்தோடும் பெயர்த்தெடுக்கிறார். மிதமான சூட்டில் உலர்த்தி, பூச்சிகள் சாக உறையவைத்து, மடித்த காகித உறையிலோ அட்டைப் பெட்டியிலோ வைப்பது வழக்கம். உறைமேல் ஒட்டும் சீட்டில் இனப்பெயர், இடம், நாள், வளர்ந்த மரம், சேகரித்தவர் பெயர், அவரது சேகரிப்பு எண், இனங்கண்டவர் பெயர் ஆகியவை இருக்கும். பிற்காலத்தில் வேறொருவர் பெயரைத் திருத்தினால் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதியதைப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். மரத்தின் பெயரை எழுதாமல் ‘பட்ட மரத்தில்’ என்று மட்டும் குறித்துவிட்ட மாதிரி பாதிப் பயன் இழந்தது. கூட வைத்த மரத்துண்டைச் சோதித்துச் சில வேளை அந்தக் குறையை ஈடுசெய்யலாம்.

பெயர் மாற்றங்களும் பதிவுகளில் தடம் விட்டுள்ளன. லின்னேயஸ் இதை அகாரிகஸ் அல்னியஸ் என்றார். இன்றைய பெயரைச் சுவீடன் நாட்டு எலியாஸ் பிரீஸ் 1815இல் சூட்டினார். பழைய பெயரில் எழுதிய சீட்டுகளையும் சேர்த்துத் தேடாவிட்டால் ஆரம்பகாலச் சேகரிப்புகள் பட்டியலில் விடுபட்டுப்போகும்.

உலர்ந்த மாதிரியை உயிரற்ற பொருளாகவே கருதுவது வழக்கம். இந்த இனத்தில் அது எப்போதும் பொருந்தாது. கனடாவில் பணியாற்றிய ஏ. எச். ஆர். புல்லர் 1911இல் உலர்ந்த காளான்களைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்தார். 34 ஆண்டுகளுக்குப் பின் நனைத்தபோது அவை செவுள்களை விரித்து வித்துகளை உதிர்த்தன. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் குழாயிலிருந்த மாதிரிகள் உயிர்ப்புக் காட்டின. காகித உறையில் சாதாரணமாகக் கிடக்கும் மாதிரியிடம் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

சேகரித்த இடத்தின் அருமையை மரபியல் உணர்த்தியது. ஹார்வர்டில் ஜான் ரேப்பர் பல நாடுகளிலிருந்து வந்த இக்காளானின் மாதிரிகளை உயிருள்ள வளர்ப்புகளாகப் பேணி, இவ்வினத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைவு வகைகள் இருக்கக்கூடும் என்று கணக்கிட வழிவகுத்தார். 1999இல் வெளியான ஆய்வு, கண்டங்களுக்கிடையே மரபணுப் பரிமாற்றம் குறைவு என்று காட்டியது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் விசிறிகளுக்குள் இப்படித் தனித்தனிக் கூட்டங்கள் இருப்பதால், ஊர்ப்பெயர் தெளிவாக உள்ள சீட்டே ஆய்வுக்கு உதவும்.

பதிவுகள் உலகில் சீராகப் பரவியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து ஜார்ஜ் த்வெயிட்ஸ் அனுப்பிய இலங்கைப் பூஞ்சைகளை பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் இங்கிலாந்தில் ஆராய்ந்து வெளியிட்டனர். வெப்பமண்டல ஆசியாவின் பழைய மாதிரிகள் பலவும் இவ்வாறே ஐரோப்பிய இருப்புகளைச் சேர்ந்தன. இந்தியாவில் 1905இல் பூசாவில் ஈ. ஜே. பட்லர் தொடங்கிய பூஞ்சைத் தொகுப்பு இப்போது டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளது.

எங்கும் கிடைக்கும் இனம் என்பதாலேயே பலர் இதை எடுத்து வைப்பதில்லை. அபூர்வ இனங்களை ஒவ்வொன்றாகச் சேகரிப்பவரும் இதைக் கடந்துபோகிறார். ஆகவே ஒரு வட்டாரத்தில் பதிவு குறைந்திருப்பதை வைத்துக் காளானும் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. அயர்லாந்தில் பிளாஸ்டிக் சுற்றிய கால்நடைத் தீவனக் கட்டுகளில் இது முளைத்த பதிவுகள், மரம் மட்டுமே இதன் இருப்பிடம் அல்ல என்பதையும் காட்டின.