காற்றின் மேல் ஓடும் கார்

பஸ் ஸ்டாப்பில் வண்டி நின்றதும் "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விடுமே, கேட்டிருப்பீர்கள். அதில் பெரும்பாலும் ஏர் பிரேக்கின் சத்தம். ஆனால் சில பஸ்களில் இன்னொன்றும் சேர்ந்திருக்கும். வண்டியையே தாங்கி நிற்கும் ரப்பர் பைகளிலிருந்து கொஞ்சம் காற்று வெளியேறும் சத்தம் அது. ஏர் சஸ்பென்ஷன் என்பது அதுதான்.

இப்போது இந்த விஷயம் பஸ்ஸிலிருந்து இறங்கி நம் வீட்டுப் பையன்களின் கார்களுக்கு வந்துவிட்டது. பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி மாட்டி, தன் இஷ்டப்படி மாற்றுவதைப் புராஜெக்ட் கார் என்கிறார்கள். இங்கே அந்தமானில் நண்பர் ஒருவரின் மகன் ஒரு பழைய அம்பாசடர் வைத்திருக்கிறான். அதற்கு ஏர் சஸ்பென்ஷன் போட வேண்டும், சென்னையிலிருந்து கப்பலில் கிட் வரவழைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அங்கிள், பேங்க்ல பெர்சனல் லோன் கிடைக்குமா?" என்று என்னிடம் வந்தான். நான் பி.காம். படித்தவன். போல்ட்டும் நட்டும் என் துறை இல்லை, வரவு செலவு என் துறை. லோன் பற்றிச் சொல்வதற்கு முன் இந்தச் சாமானின் பூர்வீகம் என்ன என்று படித்துப் பார்த்தேன். நினைத்ததை விட சுவாரசியமாக இருந்தது.

எதற்காகப் பிறந்தது?

காற்றை ரப்பருக்குள் அடைத்து அதன் மேல் சவாரி செய்யும் யோசனை பழசு. 1845லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888ல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் பிடித்துக்கொண்டது. டயரில் முடிகிறது என்றால் ஸ்பிரிங்கில் ஏன் முடியாது என்பது அடுத்த கேள்வி.

ஸ்பிரிங்கில் என்ன குறை என்று கேட்கலாம். பஸ்ஸுக்கு அடியில் வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றின் விறைப்பு மாறாது. 50 பேர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும், 3,250 கிலோ கூடுகிறது. அந்தப் பாரத்துக்கு ஏற்ற விறைப்பில் பட்டை வைத்தால், காலி பஸ் குண்டும் குழியும் பார்த்துத் தூக்கிப் போடும். காலி பஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி வைத்தால், ஆள் ஏறியதும் தரையோடு படுத்துவிடும். கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காற்றுப் பையில் அந்தச் சிக்கல் இல்லை. பாரம் ஏறினால் ஒரு வால்வு கூடுதலாகக் காற்றை உள்ளே விடும், இறங்கினால் வெளியே விடும். உயரம் அப்படியே இருக்கும். அழுத்தம் கூடும்போது பையின் விறைப்பும் கூடுவதால், காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் குலுக்கல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆக, ஏறும் இறங்கும் பாரத்தைச் சமாளிக்கப் பிறந்தது இது. அலங்காரத்துக்குப் பிறக்கவில்லை.

பஸ்ஸில் ஜெயித்தது, காரில் தோற்றது

1953ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நெடுந்தூர பஸ்களில் இதைக் கொண்டு வந்தது. அங்கே ஊன்றிக்கொண்டது. அந்த உற்சாகத்தில் 1957ல் காடிலாக் எல்டொராடோ புரோஹம் என்ற விலை உயர்ந்த காரில் வைத்தார்கள். 1958ல் ஷெவர்லே, பான்டியாக், ப்யூக் என்று மற்ற கார்களிலும், கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் என்றார்கள். ஓரிரு வருடங்களில் கடையைச் சாத்த வேண்டியதாயிற்று. காற்று கசிந்தது. காற்றில் இருந்த ஈரம் வால்வுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்தது. இரவு நேராக நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பலர் பைகளைக் கழற்றிவிட்டு மறுபடி இரும்பு ஸ்பிரிங்கே மாட்டிக்கொண்டார்கள்.

அதே கம்பெனி, அதே தத்துவம். பஸ்ஸில் மட்டும் எப்படி ஜெயித்தது? எனக்குப் புரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, பஸ்ஸில் ஏர் பிரேக்குக்காக கம்ப்ரஸரும் காற்றுத் தொட்டியும் ஏற்கெனவே இருந்தன. புது முதலீடு குறைவு. இரண்டு, பஸ் தினமும் டிப்போவுக்குத் திரும்பி வரும். அங்கே தொட்டியில் சேர்ந்த தண்ணீரை வடிக்க, வால்வைப் பார்க்க, சம்பளத்துக்கு ஒரு ஆள் இருப்பார். காருக்கு அந்த ஆள் யார்? வாங்கும் விலையை மட்டும் பார்த்து, பராமரிப்பை யார் கணக்கில் எழுதுவது என்று பார்க்காத திட்டங்களை பேங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த ரகம்தான்.

பிறகு பொருள் தேறியது. 1960களில் மெர்சிடிஸ் தன் பெரிய கார்களில் வெற்றிகரமாக வைத்தது. 1980, 90களில் எலெக்ட்ரானிக்ஸ் வந்து சேர்ந்ததும் லிங்கன், ரேஞ்ச் ரோவர் என்று வரிசை நீண்டது.

நம்ம ஊர் பங்கு

இதில் நமக்கும் பங்கு உண்டு. 2001ல் வால்வோ பஸ்கள் இந்தியாவுக்கு வந்தபோதுதான், ராத்திரி பயணத்தில் தூங்கவும் முடியும் என்று நம் மக்களுக்குத் தெரிந்தது. அந்தச் சொகுசில் ஏர் சஸ்பென்ஷனுக்குப் பெரிய பங்கு. சென்னை பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா கம்பெனி லாரி, பஸ்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் செய்கிறது. 1955ல் நேரு திறந்து வைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து காற்று ஸ்பிரிங் வைத்த மும்பை மின்சார ரயில்கள் 2007ல் ஓடத் தொடங்கின. மும்பை லோக்கல் ரயிலின் கூட்டத்தை விடப் பாரம் மாறும் இடம் உலகில் ஏது? 2018ல் அதே பெரம்பூரில் உருவான வந்தே பாரத் ரயிலும் காற்றின் மேல்தான் ஓடுகிறது.

சமீபத்திய உதாரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். 2024ல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இறக்கிய தாழ்தளப் பேருந்துகள், ஸ்டாப்பில் ஒரு பக்கமாக மண்டியிடும். பையிலிருந்து காற்றை விட்டு, சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முட்டி வலியோடு வரும் பாட்டிக்கும் படியைத் தாழ்த்திக் கொடுக்கும். பையன்கள் காரில் ஆசைப்படும் அதே பட்டன்தான்.

தாழ்ந்து ஓடும் ஆசை எங்கிருந்து வந்தது?

இதுதான் நான் எதிர்பார்க்காத அத்தியாயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பழைய ஷெவர்லே கார்களை வாங்கினார்கள். டிக்கியில் மணல் மூட்டை வைத்து, ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு தாழ்த்தினார்கள். மற்ற இளைஞர்கள் வேகத்துக்கு வண்டியை மாற்றினால், இவர்கள் மெதுவாகப் போவதற்கு மாற்றினார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து, தெருவில் ஊர்ந்து போய், நாங்களும் இந்த ஊர்தான் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? சக்கர ரிம்மின் அடிவிளிம்பை விடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1958 ஜனவரி 1 முதல் சட்டம். அடுத்த வருடமே, 1959ல், ரான் அகிரே என்பவர் விமானங்களுக்கான ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைப் பார்த்தால் பட்டனைத் தட்டி உயர்த்திக்கொள்ளலாம், போனதும் இறக்கிக்கொள்ளலாம்! அது எண்ணெய். பின்னால் சின்ன டிரக் பிரியர்கள் அதே வேலைக்குக் காற்றுப் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆக, இன்றைய புராஜெக்ட் காரின் ஏர் சஸ்பென்ஷனுக்குத் தாய்வழி பஸ், தந்தைவழி குடியேறிகளின் பிள்ளைகள்.

இதைப் படித்ததும் பையன் மேல் இருந்த எரிச்சல் பாதி போய்விட்டது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் மெயின்லேண்ட் போனால் 'அந்தமான்காரன்', இங்கே இருந்தால் 'மதராஸி'. தனக்கென்று ஒன்று, அதுவும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

தீவில் போட்டால்?

ஆசை வேறு, கணக்கு வேறு. இதைப் பொருத்துவது என்றால் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பை வைக்க வேண்டும். பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். டிக்கியில் கம்ப்ரஸர், தொட்டி, வால்வுகள், வயரிங் எல்லாம் வர வேண்டும். தொட்டியில் சாதாரணமாக 150 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல நாலைந்து மடங்கு. பை எந்தக் கூரான விளிம்பிலும் உரசக் கூடாது. வண்டி முழுதும் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. டெட்ராய்ட்டில் உறைந்த அதே ஈரம் இங்கே உறையாது, ஆனால் உப்புக் காற்றோடு சேர்ந்து துருவாக்கும். காற்றை உலர்த்தும் டிரையர் கட்டாயம். தொட்டியைத் தவறாமல் வடிக்க வேண்டும். ஒரு வால்வு போனால் அடுத்த கப்பல் வரும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா மக்களின் காட்டு வழியே கான்வாயில்தான் போக முடியும், நடுவில் நிறுத்தக் கூடாது. அங்கே போய் ஒரு பை வெடித்தால் என்ன செய்வது?

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். பாம்பு ஃப்ளாட் – சாத்தம் ஃபெர்ரியில் வண்டி ஏற்றும்போது, கடல் மட்டம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப பலகையின் சரிவும் மாறும். அடிப்பாகம் தட்டும் கார்களை அந்த நிமிடம் மட்டும் உயர்த்திக்கொள்ள முடிந்தால் உபயோகம்தான்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் பற்றிய கேள்வியும் வரும்.

அதனால் பையனிடம் நான் சொன்னது இது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேள். அவர்கள் எழுத்தில் சரி என்றால் லோன் பேசலாம். அதுவரை அம்பாசடரின் பின்பக்கப் பட்டைகளை, புஷ்களை, ஷாக் அப்சார்பரைப் புதிதாக்கு. 2014லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி அது, நேராக நின்றாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பையன் முகம் கொஞ்சம் தொங்கித்தான் போயிற்று.

கலிஃபோர்னியாக் கதையின் முடிவையும் அவனுக்குச் சொன்னேன். பட்டனைத் தட்டி ஏமாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. சங்கம் சேர்ந்தார்கள், ஊர்க் கவுன்சில்களிலும் சட்டசபையிலும் பேசினார்கள். 1958ல் வந்த அந்தத் தடை 2024 ஜனவரி 1 அன்று நீங்கியது. 66 வருடம் ஆனது. முதலில் மணல் மூட்டை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சட்டப்படியே தாழ்ந்து ஓட்டுகிறார்கள்.